பாதியில் நின்ற போர்வை

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. வாசல் படியில் உட்கார்ந்து மகளின் பட்டுப்பாவாடைக்கு டக் பிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தமிழ்ப் பள்ளியில் புத்தாண்டு விழா. பாவாடை கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நின்றது. மனைவிக்கு ஆஸ்பத்திரி டியூட்டி. பிரிப்பது பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கீழே மறுபடி மடித்துக் கையால் தைக்கத்தான் இரண்டு மணி நேரம் ஆனது. நடைக்குக் கிளம்பிய எதிர் வீட்டு அம்மாள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அவருக்கு 88 வயது. "உனக்குக் கைத்தையல் வருமா?" என்றார். ஏதோ கொஞ்சம் என்றேன். அந்தக் "கொஞ்சம்" என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

மே மாதம் அவர் முதியோர் இல்லத்துக்கு மாறிப் போனார். கிளம்புவதற்கு முன் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அவருடைய அம்மா தைக்க ஆரம்பித்துப் பாதியில் விட்ட ஒரு குயில்ட். மூன்று பிள்ளைகள் மூன்று மாநிலத்தில் இருக்கிறார்கள். யாருக்கும் வேண்டாமாம். "நான் தையல் கத்துக்கலை. உனக்கு வருது. முடிச்சிடு. முடிச்சா எனக்கு ஒரு தடவை காட்டு" என்றார். மறுக்க வாய் வரவில்லை.

குயில்ட் நம் எல்லார் வீட்டுக் கட்டிலிலும் கிடக்கிறது, ஆனால் அது எப்படி உருவாகிறது என்று நான் யோசித்ததே இல்லை. மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்துச் செய்த அலங்கார அடுக்கு, இதை டாப் என்கிறார்கள். நடுவில் பஞ்சு விரிப்பு, பேட்டிங். அடியில் முழுத்துணி. மூன்றையும் சேர்த்து மேலிருந்து கீழாகப் போடும் ஓட்டுத் தையலுக்குத்தான் குயில்டிங் என்று பெயர். எனக்கு வந்தது டாப் மட்டும், அதுவும் முக்கால்வாசி. ஊரில் பழைய நூல் புடவையை நாலாக மடித்து, சுற்றிலும் குறுக்கிலும் ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்பாரே நம் பாட்டி, அதே வேலைதான் என்று அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னேன். "அது பழசு, கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போகுது. இது அடுத்தவங்க பொருள்டா" என்றார் அம்மா.

பெட்டியிலிருந்த டிசைனுக்கு 'கிராண்ட்மதர்ஸ் ஃபிளவர் கார்டன்' என்று பெயர். எல்லாமே அறுகோணத் துண்டுகள். நடுவில் ஒரு மஞ்சள், சுற்றி ஒரே நிறத்தில் 6, அதைச் சுற்றிப் பூப்போட்ட துணியில் 12, அதற்கும் வெளியே வெள்ளை 18. ஆக ஒரு பூவுக்கு 37 துண்டு. பூவுக்கும் பூவுக்கும் நடுவே தோட்டத்து நடைபாதை மாதிரி வெளிர்பச்சையில் ஒரு வரிசை. அறுகோணத் தையல் மாதிரி ஒன்றை ஃபிலடெல்பியாவின் 'கோடீஸ் லேடீஸ் புக்' பத்திரிகை 1835-லேயே வெளியிட்டிருக்கிறது. ஆனால் இந்தப் பூந்தோட்டம் அமெரிக்கா முழுக்கப் பரவியது 1920-களிலும் 30-களிலும்தான். நாங்கள் இருக்கும் கன்சாஸ் சிட்டிப் பக்கத்தில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'கன்சாஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழ் 1928-லிருந்து 1961 வரை குயில்ட் மாதிரிகளை அச்சிட்டு வந்தது. பண்ணை வீட்டுப் பெண்கள் அதை வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள்.

துணியும் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தக் காலத்தில் மாவும் கோழித் தீவனமும் பருத்திச் சாக்கில் வந்தன. பெண்கள் அந்தச் சாக்கைப் பிரித்து உடை தைப்பதைப் பார்த்த கம்பெனிகள், பூவும் கட்டமும் அச்சடித்த துணியிலேயே சாக்கு தைக்க ஆரம்பித்தன. நூறு பவுண்டு சாக்கு ஒன்றைப் பிரித்தால் ஒரு கஜத்துக்கு மேல் துணி. ஒரு கவுனுக்கு ஒரே மாதிரி மூன்று சாக்கு வேண்டும் என்பதால், தீவனம் வாங்கப் போகும் கணவனிடம் எந்தப் பூப்போட்ட சாக்கு என்று சொல்லி அனுப்புவார்களாம். என் பெட்டியில் இரண்டு துண்டுகளின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. முதலில் பூச்சி அரித்தது என்று நினைத்தேன். அது சாக்கை மூடியிருந்த தடித்த நூலின் தடம்.

எண்ணிப் பார்த்தேன். 31 பூக்கள் இணைத்து முடிந்திருந்தன. 5 பூக்கள் தனித்தனியாக. மீதி வெட்டின துண்டுகள் ஒரு துணிப்பையில், இன்னும் நாலு பூவுக்குப் போதும். நாற்பது பூ வந்தால் இரட்டைக் கட்டிலுக்குச் சரியாக இருக்கும். கணக்குப் போட்டுத்தான் வெட்டியிருக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது காகிதங்கள். அறுகோணத்தை இணைக்க ஒரு பழைய முறை உண்டு. காகிதத்தை அளவாக வெட்டி, துணியை அதன்மேல் கால் இன்ச் மடித்து, பெரிய தையலால் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்வது. பிறகு இரண்டு துண்டை முகத்தோடு முகம் வைத்து, ஓரத்தை மட்டும் நெருக்கமாகச் சுற்றிச் சுற்றித் தைப்பது. ஆறு பக்கமும் இணைந்த பிறகுதான் காகிதத்தை உருவ வேண்டும். அன்றைய அமெரிக்கப் பெண்கள் பலர் காகிதமே இல்லாமல் நேரடியாக ஓட்டுத் தையல் போட்டுவிடுவார்கள். இவர் பொறுமைசாலி. ஓரத்துப் பூக்களில் இன்னும் காகிதம் இருந்தது. திருப்பிப் பார்த்தால் செய்தித்தாள், விதைக் கேட்லாக், யாரோ எழுதிய கடிதத்தின் ஒரு மூலை. ஒன்றில் கோதுமை விலை. ஒன்றில் 1937 என்று பாதி தேதி, இன்னொன்றில் 1941. மகள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து நம்பர் போட்டாள். கடிதத் துண்டில் "மழை வந்தால்" என்று பொருள்படும் இரண்டு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது. கன்சாஸ் பக்கம் புழுதிப் புயல் அடித்த காலம் அது. மழை வந்ததா இல்லையா என்று அவள் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நான் ஊசியே எடுக்கவில்லை. யாரோ எழுதி, யாரோ விட்டுப்போன புரோகிராம் கைக்கு வந்தால் ஆபீசில் என்ன செய்வேன்? முதலில் ஓடவிட்டுப் பார்ப்பேன், எதையும் தொட மாட்டேன். அதே மாதிரி. முன்னும் பின்னும் படம் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எங்கே துணி சல்லடையாகிவிட்டது என்று பார்த்தேன். அழுக்கும் பெட்டி வாடையும் இருந்தாலும் துவைக்கவில்லை. அடுக்கு சேர்க்காத டாப்பைத் துவைத்தால் பின்பக்க ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து சிக்கிவிடும், நடுவில் கிழிந்தாலும் கிழியும். நிழலில் இரண்டு நாள் விரித்து வைத்தால் வாடை பாதி போய்விடுகிறது. ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்தி எடுத்தேன். ஒரு சிவப்பு மட்டும் சாயம் விட்டது. அதைக் குறித்து வைத்தேன்.

பிறகு ஒரு பொம்மை மாதிரி சாமான் வாங்கினேன், புற ஊதா டார்ச். வெள்ளைத் துணியைப் பளிச்சென்று காட்டும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் துணியிலும் சோப்பிலும் பரவின. அவை இந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். இருட்டறையில் டாப்பை விரித்து டார்ச் அடித்தால், மங்கலாகக் கிடந்தது. என் பனியன் மட்டும் டியூப்லைட் மாதிரி எரிந்தது. ஒளிராதது எல்லாம் பழசு என்று சொல்லிவிட முடியாது, ஆனால் ஒளிர்ந்தால் பிற்காலத்தது என்று சந்தேகப்படலாம்.

தையல் கற்றுக்கொண்டது அம்மாவிடம்தான். வீட்டில் உஷா மெஷின் வைத்து அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்தவர். "நூலை முழங்கை நீளத்துக்கு மேல எடுக்காத, சிக்கும்." "ஊசியத் தள்ளாதே, துணிய ஊசி மேல ஏத்து." கேமராவை விரலுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு தைப்பேன், அவர் அங்கே காலை காபியோடு திட்டுவார். என் முதல் பூவுக்குப் பதினொரு நாள் ஆனது. அம்மாவின் தீர்ப்பு: "பரவால்ல, அவிழாது." பாலியெஸ்டர் நூல் வேண்டாம், பருத்தி நூலே போதும் என்பது நானே படித்துத் தெரிந்துகொண்டது. தொண்ணூறு வருஷத்துத் துணியை விட நூல் உறுதியாக இருந்தால், இழுபடும்போது கிழிவது துணிதான். நைந்துபோன துண்டுகளுக்குப் பதில் 1930-களின் டிசைனை அப்படியே புதிதாக அச்சிட்ட துணிகள் கிடைக்கின்றன. அதையும் முதலில் துவைத்துச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

நவம்பருக்குள் ஒன்பது பூவும் சேர்ந்துவிட்டன. கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்துவிட்டது.

இடது ஓரத்தில் ஒரு நீலப் பூ இருந்தது. மற்ற பூக்களில் இன்ச்சுக்கு இருபது தையல் விழுந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. இதில் ஐந்தோ ஆறோதான். நூல் முடிச்சு முன்பக்கமே துருத்திக்கொண்டு நின்றது. ஒரு துண்டு முறுக்கிக்கொண்டிருந்தது. நீல வரிசையில் திடீரென ஒரு சிவப்புப் புள்ளித் துணி, அதுவும் சாயம் விட்ட அதே சிவப்பு. பிற்காலத்தில் யாரோ அவசரத்தில் ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வீடு தூங்கிய பிறகு, சீம் ரிப்பரால் அந்தப் பூவின் வெளிவட்டம் முழுவதையும் பிரித்தேன். நைந்திருந்த நாலு துண்டை மாற்றினேன். சிவப்பை எடுத்துவிட்டு நீலம் வைத்தேன். அடுத்த மூன்று இரவுகளில் அழகாகத் தைத்து முடித்தேன். உண்மையிலேயே அழகாக இருந்தது. அம்மாகூட "இப்பத்தான் பார்க்கிற மாதிரி இருக்கு" என்றார்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிந்த டாப்பை மடித்து எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனோம். அவருக்கு மாகுலர் டீஜெனரேஷன். பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது, ஓரங்கள் மட்டும் தெரியும். எதிரே இருப்பவர் முகம் தெரியாது, தோள் தெரியும். கட்டில் மேல் விரித்து வைத்தோம். அவர் விரல்களால் பார்க்க ஆரம்பித்தார். பேசிக்கொண்டே தடவினார்.

அம்மா இதை ஆரம்பித்தபோது தான் வயிற்றில் இருந்ததாகச் சொன்னார். அப்பா போருக்குப் போனதும் 1943-ல் அம்மா பண்ணையை விட்டு விச்சிட்டாவுக்கு வேலைக்குப் போய்விட்டார், போயிங் தொழிற்சாலை. பி-29 குண்டுவீச்சு விமானங்கள் கட்டிய இடம். அங்கே நாள் முழுக்க ரிவெட் அடித்த கை, வீட்டுக்கு வந்து ஊசி பிடிக்கவில்லை. போர் முடிந்த பிறகும் பிடிக்கவில்லை. பெட்டி மட்டும் வீடு வீடாகக் கூடவே வந்தது.

சொல்லிக்கொண்டே இடது ஓரத்துக்கு வந்தவர் நின்றார். திரும்பத் தடவினார். "இங்கே ஒரு நீலப் பூ இருக்கணுமே. கையில தட்டுப்படும்" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் "எது?" என்று கேட்டேன்.

"மேடும் பள்ளமுமா இருக்கும். அது நான் தைச்சது. விச்சிட்டா போறதுக்கு முந்தின குளிர்காலம். எனக்கு அஞ்சு வயசு. நீலம் தீர்ந்துபோச்சு, அம்மாவைக் கேக்காம சிவப்பை வெச்சேன். அம்மா பிரிக்கணும்னா. நான் அழுதேன். சரின்னு விட்டுட்டா."

இன்ச்சுக்கு இருபது தையல் போட்ட பெண்மணி விட்டுவைத்ததை, சில மாதம் மட்டும் ஊசி பிடித்த நான் பிரித்திருக்கிறேன்.

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குக் கண் தெரியாது. வேறொரு பூவில் விரலை வைத்து இதுதான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி அப்படித் தோன்றியதை மறைக்கவில்லை. மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்த மூன்று இரவும் நான் என்ன தைத்தேன் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், இங்கே எல்லாரும் சொல்கிற மாதிரி, "பரவாயில்லை" என்றார். ஓரத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பூவின் பழைய நூல் துணுக்குகள் மேல் டார்ச் அடித்துப் பார்த்தேன். துளிகூட ஒளிரவில்லை. டார்ச் ஆறு மாதமாக மேஜை டிராயரில்தான் இருந்தது. பிரிப்பதற்கு முன் அடித்திருந்தால் ஒரு நிமிஷம் தயங்கியிருப்பேன். நெப்ராஸ்காவின் லிங்கனில், எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேர ஓட்டத்தில், இன்டர்நேஷனல் குயில்ட் மியூசியம் இருக்கிறது. 1997-ல் ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் தம்பதி ஏறக்குறைய 950 குயில்ட்களைக் கொடுத்ததில் தொடங்கியது. பழைய பொருளைப் பாதுகாக்கும் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: குறைவாகத் தொடு, தொட்டதைத் திரும்ப எடுக்கிற மாதிரி செய், எடுத்ததைத் தூக்கிப் போடாதே. மூன்றாவதை மட்டும் நான் தற்செயலாகச் செய்திருந்தேன். எதை அழித்தாலும் ஒரு காப்பி வைத்துக்கொள்ளும் ஆபீஸ் பழக்கம். எடுத்த துண்டுகள் எல்லாம் ஒரு ஜிப் பையில், தேதி எழுதி. சிவப்பும் அதில்தான். பிரிப்பதற்கு முன் எடுத்த படங்களும் இருந்தன. துணியைத் திரும்ப வைத்துவிடலாம். அவருடைய தையலை எங்கிருந்து கொண்டுவருவது?

மகள்தான் சொன்னாள், "அவங்களையே திரும்பத் தைக்கச் சொல்லுப்பா."

ஜனவரியில் என்னுடைய அழகான பூவைப் பிரித்தேன். நைந்த துண்டுகளுக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தாங்கல் கொடுத்தேன். சாயம் விடும் சிவப்பையும் திரும்ப வைத்தேன். துவைக்கும்போது ஜாக்கிரதையாக இருந்துகொள்ளலாம். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம். மகள் ஊசி கோத்துக் கொடுத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். அவர் விரல் நகத்தால் ஓரத்தைத் தேடி ஊசி விடுவார். எட்டுத் தையலுக்கு ஒரு தடவை விரலில் குத்திக்கொள்வார், சிரிப்பார். முதல் வாரம் ஒரே ஒரு பக்கம்தான் முடிந்தது. மூன்று வாரத்தில் ஆறு துண்டு. ஏழாவதை நீயே பார்த்துக்கொள், எனக்குப் போரடிக்கிறது என்று சொல்லிவிட்டார். அஞ்சு வயதில் போட்டதை விட இப்போது போட்டது இன்னும் கோணல். படத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சிவப்பை அவர்தான் தைத்தார். எது சிவப்பு என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது மூன்று அடுக்கும் சேர்ந்துவிட்டது. ஊக்கு குத்தினால் பழைய துணியில் ஓட்டை விழும் என்பதால் ஹால் தரையில் விரித்து, நீளத் தையலால் பிடித்துக்கொண்டோம். இரண்டு நாள் யாரும் சோபாவுக்குப் போக முடியவில்லை. ஓரம் அறுகோணமாக வளைந்து வளைந்து போகிறது. நேராக வெட்டிவிட்டால் பட்டி வைப்பது சுலபம் என்று நிறையப் பேர் வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் அந்த நீலப் பூவில் பாதி போய்விடும். அதனால் வளைவோடு வளைவாகப் பட்டி தைக்கப்போகிறோம், அதற்கு இன்னொரு வருஷம் ஆகலாம். குயில்டிங் தினம் இரவு அரை மணி நேரம், மரவளையத்தில் மாட்டி, விரல் நுனியில் திம்பிள் போட்டுக்கொண்டு. இதுவரை பதினொரு பூ ஆகியிருக்கிறது. மகளுக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் வீடியோ காலில் அம்மா கேமராவைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். பார்த்துக்கொண்டே வந்தவர், "அந்த நீலப் பூ ஏண்டா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது? நல்லாத்தானே தைச்சிருந்த? பிரிச்சுத் தைடா" என்றார்.

நெட் சரியில்லைம்மா என்று சொல்லிவிட்டுக் கேமராவைத் திருப்பினேன்.